உடற்பருமனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை: அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குள்ள வாய்ப்பு

(அந்தமான் தீவுகளில் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உடற்பருமனைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். பொருளாதாரம் பயின்று, மைய அரசுப் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவன். எனவே நோயின் தன்மையை உங்களுக்கு எடுத்துரைக்க முற்படுவது பொருந்தாது. ஆனால், உங்கள் நிலையத்தில் உள்ள ஊழியரின் ஒரு மணி நேரம் எந்தப் பணிக்குச் செலவிடப்பட்டால் மக்களுக்கு மிகுந்த பயன் தரும் என்னும் கேள்வி பொருளாதாரத்தின் கேள்வியே. அந்தக் கோணத்திலிருந்து சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

நிலைமை

2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 24 விழுக்காட்டினரும் ஆண்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்த அளவு பெண்களில் 38 விழுக்காடு. ஆண்களில் 45 விழுக்காடு. அதாவது, தேசிய சராசரியோடு ஒப்பிட்டால் இங்கு ஆண்களில் ஏறக்குறைய இருமடங்கு.

இந்த ஆய்வு உடல் நிறைக் குறியீடு 25-ஐ எல்லையாகக் கொண்டது. இந்தியர்களுக்கு எடை சற்றுக் கூடினாலே நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தோன்றிவிடுவதால், நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் 23-க்கு மேல் மிகை எடை என்றும், 25-க்கு மேல் உடற்பருமன் என்றும் வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இந்த அளவுகோலின்படி, மேலே சொன்ன 45 விழுக்காட்டினரும் சிகிச்சைக்கு உரியவர்களே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த மற்றொரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்கிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. இந்தப் பெருந்தொகையினர் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் மருந்து கொடுப்பது எந்த அரசுக்கும் எளிதன்று.

தீவுவாசிக்கு இதில் தனியான இழப்பும் உண்டு. பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ முற்றிய நிலையில் உயர் சிகிச்சை தேவைப்பட்டால், அவர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னைக்குச் செல்ல நேரிடுகிறது. கப்பலில் மூன்று நாள்; விமானமென்றால் அதற்குரிய கட்டணம். உடன் செல்பவரின் வேலையிழப்பு, வெளியூரில் தங்கும் செலவு, வீட்டில் விடப்பட்ட பிள்ளைகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு நோய் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும்.

காரணம் என்ன?

இத்தீவுகளின் மக்கள் சோம்பேறிகள் அல்லர். 1949 முதல் குடியேறியவர்கள் காடு திருத்தி நிலம் கண்டவர்கள். 1883-இல் நிறுவப்பட்ட சாத்தம் மரம் அறுக்கும் ஆலையிலும், துறைமுகத்திலும், சாலைப் பணிகளிலும், கச்சாலின் ரப்பர் தோட்டத்திலும் உழைத்த தலைமுறைக்கு அரிசிச் சோறு வேலைக்கேற்ற உணவாக இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து அலுவலகங்களிலும் கடைகளிலும் அமர்ந்தார்கள். உழைப்பு குறைந்தது, தட்டில் சோற்றின் அளவு குறையவில்லை. அதனோடு பொரித்த பண்டங்களும், இனிப்புத் தேநீரும், பொட்டலத் தின்பண்டங்களும், புட்டியில் அடைத்த பானங்களும் சேர்ந்துகொண்டன. நடந்து போன தூரத்திற்கு இப்போது இருசக்கர வாகனம்.

உணவு விநியோகமும் ஒரு காரணம். காய்கறிகளில் ஒரு பகுதி பெருநிலப் பகுதியிலிருந்து கப்பலில் வருகிறது. கடல் கொந்தளிக்கும் காலங்களில் கப்பல் தாமதமானால் விலை ஏறுகிறது. அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் பிஸ்கட்டும் கெடாமல் காத்திருக்கும். கீரையும் தக்காளியும் காத்திரா. ஆகவே தொலைதூரத் தீவின் கடையில் எளிதாகக் கிடைப்பதும், உடலுக்குக் குறைவாகத் தேவைப்படுவதும் ஒரே பொருள்களாக அமைந்துவிடுகின்றன.

நிக்கோபார் தீவுகளில் மாற்றம் இன்னும் விரைவாக வந்தது. தேங்காய், தாழை இனத்துப் பழம், கிழங்குகள், மீன், பன்றி இறைச்சி ஆகியவற்றைச் சொந்தத் தோட்டத்திலும் கடலிலும் உழைத்துப் பெற்றுவந்த மக்களின் வாழ்வை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி தாக்கியது. தோட்டங்கள் அழிந்தன, கடலோர ஊர்கள் உள்நிலத்திற்கு இடம்பெயர்ந்தன, நிவாரணப் பொருள்களையும் கடைச் சரக்கையும் நம்பும் காலம் வந்தது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, கார் நிக்கோபாரில் பரிசோதிக்கப்பட்ட நிக்கோபாரிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததாகக் காட்டியது. வாழ்க்கை முறை மாறும்போது உடலும் மாறுகிறது என்பதை இத்தீவுகளைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் இடங்கள் சிலவே.

அறிவுரையும் சிகிச்சையும்

இனி இந்த உரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். நம் நிலையங்களில் உடற்பருமனுடையவருக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது அறிவுரை. "எடையைக் குறையுங்கள், எண்ணெயைத் தவிருங்கள், தினமும் நடங்கள்" என்று டாக்டர் கூறுகிறார். நோயாளி தலையசைத்துவிட்டுச் செல்கிறார். மூன்று மாதம் கழித்து அதே எடையோடு வருகிறார். டாக்டர் நோயாளியைக் குறை கூறுகிறார்; நோயாளி வெட்கப்பட்டு வருவதையே நிறுத்திவிடுகிறார். இதில் இருவர் மீதும் தவறு இல்லை. சிகிச்சையே தொடங்கப்படவில்லை என்பதுதான் உண்மை.

மேற்பார்வையுடன் கூடிய வாழ்க்கைமுறைச் சிகிச்சை என்பது வேறு. அதற்கு மருந்துக்கு உள்ளதுபோல் அளவு உண்டு, வேளை உண்டு, கால வரையறை உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு 2011 முதல் ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் இதற்குப் பணம் தருகிறது. முதல் மாதம் வாரந்தோறும், ஆறாம் மாதம் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறை, அதுவரை 3 கிலோகிராமாவது குறைந்திருந்தால் ஓராண்டு முடியும் வரை மாதம் ஒருமுறை என ஆண்டுக்கு அதிகபட்சம் 22 சந்திப்புகள். முதல் ஆண்டில் குறைந்தது 12 சந்திப்புகளேனும் வேண்டும் என்பது அந்நாட்டு நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2018-இல் எடுத்துக்காட்டிய அளவு. சந்திப்புகளின் எண்ணிக்கையே இங்கு மருந்தின் அளவு.

அதன் பயன் என்ன? 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் பங்கேற்றனர். உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும், வாரத்திற்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும் இலக்குகள். இவ்வாறு வழிநடத்தப்பட்டவர்களிடம் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை உண்டவர்களிடம் 31 விழுக்காடே குறைந்தது. லூசியானா மாநிலத்தில் வருவாய் குறைந்தோர் மிகுதியாகச் செல்லும் 18 ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் 803 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. நிலையத்திலேயே பயிற்சியாளர் ஒருவர் முதல் ஆறு மாதம் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் நோயாளிகளைச் சந்தித்தார். இரண்டு ஆண்டு முடிவில் இவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு எடை குறைந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் அரை விழுக்காடுதான். 80 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது 4 கிலோகிராம். பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த அளவே இரத்தச் சர்க்கரையிலும் இரத்தக் கொதிப்பிலும் நல்ல மாற்றத்தைத் தொடங்கிவைக்கப் போதுமானது.

நம் நாட்டு அனுபவம்

இவை செல்வ நாடுகளின் செய்திகள் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாயிலில் இருந்த 531 பேரிடம் மேற்கொண்ட ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளில், தனிச் சிகிச்சை எதுவும் பெறாதவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். வாழ்க்கைமுறை மாற்றத்தில் வழிநடத்தப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினரே ஆயினர். அதாவது, ஏறத்தாழ ஆறு பேரை வழிநடத்தினால் மூன்றாண்டுக்குள் ஒருவரை நீரிழிவிலிருந்து காக்க முடிந்தது. அந்த ஆய்வில் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே இந்தப் பயன் கிடைத்தது என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். எடைக்கருவியின் முள் நகரவில்லை என்பதால் ஒருவருடைய முயற்சி வீணாயிற்று என்று சொல்லிவிடக் கூடாது.

சென்னையிலேயே 578 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஆறு மாத வகுப்புகளும், தேவைப்பட்டோருக்கு மட்டும் மாத்திரையும் தரப்பட்டன. நீரிழிவு தோன்றுவது 32 விழுக்காடு குறைந்ததாக 2016-இல் அறிவித்தார்கள்.

பலன் குறைவாக இருந்த முயற்சியையும் சொல்லியாக வேண்டும். கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் ஏறத்தாழ ஆயிரம் பேரைச் சிறு குழுக்களாக அமைத்து, அவர்களுள் ஒருவரையே தலைவராக்கி நடத்திய திட்டத்தின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு கண்டவர்கள் ஒரு பிரிவில் 14.9 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 17.1 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்பதே புள்ளியியலின் தீர்ப்பு. குழு கூடுவது நல்லது. ஆனால் கூடுவது மட்டும் போதாது, ஒவ்வொருவரையும் அளந்து, எழுதி, வராதவரைத் தேடிச் செல்லும் ஒருவர் வேண்டும் என்பதே நான் இதிலிருந்து கொள்ளும் பாடம்.

ஒரு பழைய முன்னுதாரணம்

நோயாளியை வீட்டிலேயே வைத்து, மேற்பார்வையின் வலிமையால் குணப்படுத்தும் கலையில் நமக்கு முன்அனுபவம் உண்டு. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டபோது, நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வும் உள்ள தனி மருத்துவமனையில் தங்கினால்தான் காசநோய் தீரும் என்று உலகம் நம்பியது. நெரிசலான வீடுகளில் இருந்தபடியே ஒழுங்காக மருந்துண்டு, கண்காணிக்கப்பட்ட ஏழை நோயாளிகளும் ஏறத்தாழ அதே அளவு குணமடைகிறார்கள் என்று அந்த மையம் 1959-இல் உலகுக்குக் காட்டியது. சுகாதார ஊழியரின் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறையின் வேர்கள் அங்கேயே உள்ளன. அன்று மேற்பார்வையின் பொருள் மாத்திரை. இன்று அது உணவும் நடையும். முறை ஒன்றே.

தீவுகளுக்குள்ள வாய்ப்பு

பெருநிலப் பகுதியில் இல்லாத சில வசதிகள் இங்கு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள் 3 இலட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம் பேர். மருத்துவ சேவையில் மிகப் பெரும்பகுதி அரசினுடையது. துணை நிலையத்திலிருந்து ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை வரை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஊழியருக்குத் தம் எல்லையில் உள்ள குடும்பங்கள் பெயர் சொல்லத் தெரிந்தவை. தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் 30 வயதுக்கு மேற்பட்டோரின் இடுப்பளவையும் உடலுழைப்பையும் கேட்டுக் குறிக்கும் படிவம் ஏற்கெனவே ஆஷா சகோதரிகளின் கையில் இருக்கிறது. கண்டறியும் பணிக்குப் புதிய ஏற்பாடு தேவையில்லை. கண்டறிந்த பின் என்ன செய்வது என்பதற்கே ஏற்பாடு தேவை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 பேர் கொண்ட ஒரு குழு. சந்திப்பு ஒன்றுக்கு ஒரு மணி நேரம். ஆண்டுக்கு 22 சந்திப்புகள். நான்கு குழுக்கள் நடத்தினால் 80 பேருக்கு ஆண்டில் 88 மணி நேரம். பதிவேடு எழுதுவதற்கும் வராதவரைக் காண்பதற்கும் இதே அளவு நேரம் சேர்த்தாலும் வாரத்திற்கு நான்கு மணி நேரத்திற்கும் குறைவு. கருவிகள் ஓர் எடைக்கருவி, ஓர் அளவு நாடா, ஓர் இரத்த அழுத்தமானி, ஒரு பதிவேடு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சக்திக்கு இது அப்பாற்பட்டதன்று. ஆனால் இந்த நான்கு மணி நேரம் ஊழியரின் கடமைப் பட்டியலில் எழுதப்பட வேண்டும். "நேரம் கிடைத்தால் செய்க" என்று விடப்படும் எந்தப் பணியும் நடப்பதில்லை.

ஆண்களைப் பற்றி ஒரு சொல். இத்தீவுகளில் பெண்களைவிட ஆண்களிடமே மிகை எடை அதிகம் என்று கண்டோம். ஆஷா சகோதரி பகலில் வீடு தேடிச் செல்லும்போது ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே இப்போதுள்ள முறை பிரச்சினை மிகுந்த பிரிவினரைத் தவற விடும். வாரத்தில் ஒரு மாலையேனும் நிலையம் அவர்களுக்காகத் திறந்திருக்க வேண்டும். அல்லது துறைமுகம், பணிமனை, அலுவலகம் ஆகிய இடங்களிலேயே குழுக்கள் அமைய வேண்டும். நிக்கோபாரில் ஊர்க் கேப்டன்களின் ஒத்துழைப்போடும், அம்மக்கள் விரும்பி ஆடும் கால்பந்தோடும், படகோட்டத்தோடும், மீண்டும் தழைக்கும் தோட்டங்களோடும் இப்பணி இணைய வேண்டும்.

சந்திப்பில் செய்ய வேண்டியவை

குழுவில் சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். கருவுற்ற பெண்கள், இதய நோயாளிகள், மூட்டுத் தேய்மானம் உடையோர் ஆகியோருக்குத் தனி வழி தேவை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைக் குறைத்தால், மருந்தின் அளவும் மாற்றப்பட வேண்டியிருக்கும். இல்லையேல் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். இதனால்தான் இந்தச் சிகிச்சை மருத்துவக் கண்காணிப்போடு நிகழ வேண்டும்.

சந்திப்பில் முதலில் எடையும் இடுப்பளவும் தனிமையில் எடுக்கப்படட்டும். பிறர் முன்னிலையில் எடையைச் சொல்வது வருகையைக் குறைக்கும். பின்னர் ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு மாற்றம் தீர்மானிக்கப்படட்டும். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்குவது ஒரு வாரம். இரவுச் சோற்றை ஓர் அகப்பை குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது மறு வாரம். இத்தீவுகளின் பெருஞ்செல்வம் மீன். சூரையும் பிற மீன்களும் நல்ல புரதம் தருபவை. அவற்றை எண்ணெயில் பொரிப்பதற்குப் பதிலாகக் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்ணப் பழகினால், செலவும் மிஞ்சும்.

எண்ணெயைக் குறைப்பதற்கும் வழி எளிது. மாதம் வாங்கும் எண்ணெயைக் குடும்பத்தினரின் எண்ணிக்கையால் வகுத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் டேராடூனில் பிரதமர் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டபடி அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க முடிகிறதா என்று அடுத்த மாதம் பாருங்கள். சமைப்பவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர் என்பதால், கணவருடைய குழுவுக்கு மனைவியும் ஒருமுறையேனும் அழைக்கப்பட வேண்டும். குடும்பத்தின் அடுப்பு மாறாமல் ஒருவரின் தட்டு மட்டும் மாறாது.

புதிய ஊசி மருந்துகள்

2025-இல் எடை குறைக்கும் வார ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவை பயனுள்ளவை, டாக்டரின் முடிவின்படி தேவைப்படுவோருக்கு அவை வேண்டும். ஆனால் செமாகுளூட்டைடு பற்றிய ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருந்தோடு வாழ்க்கை முறையும் மாற வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. நாம் பேசும் சிகிச்சை, மருந்துக்குப் போட்டியன்று. மருந்து வந்தாலும் வராவிட்டாலும் இருக்க வேண்டிய அடித்தளம்.

எதைக் கணக்கிடுவது?

இறுதியாக, நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். எதைக் கணக்கில் எடுக்கிறோமோ அதுவே நடக்கிறது என்பது அரசுப் பணியில் உள்ள அனைவரும் அறிந்தது. பரிசோதிக்கப்பட்டோர் எத்தனை ஆயிரம் என்று மட்டும் அறிக்கை கேட்டால், பரிசோதனை முகாம்கள்தாம் பெருகும். அதற்குப் பதில் மூன்று எண்களைக் கேளுங்கள். குழுவில் சேர்ந்தோரில் ஆறாம் மாதத்திலும் வந்துகொண்டிருப்போர் எத்தனை பேர்? ஓராண்டு முடிவில் 5 விழுக்காடு எடை குறைந்தோர் எத்தனை பேர்? எடை குறையாவிட்டாலும் இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ கட்டுக்குள் வந்தோர் எத்தனை பேர்? இந்த மூன்றில் முதலாவதே முக்கியமானது. வந்துகொண்டிருப்பவருக்கே மற்றவை கைகூடும்.

நிலையத்திற்கு வெளியே செய்ய வேண்டியவையும் உள. தொலைதூரத் தீவுகளுக்குக் காய்கறி ஒழுங்காகச் சென்று சேர்வது, பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் கீரைத் தோட்டம், பெண்கள் அச்சமின்றி நடக்க விளக்குள்ள பாதை ஆகியவை சுகாதாரத் துறையின் கையில் மட்டும் இல்லை. கப்பல், வேளாண்மை, பொதுப்பணி, கல்வித் துறைகளும் ஒன்றுகூட வேண்டும். காய் கிடைக்காத ஊரில் காய் உண்ணச் சொல்லும் ஊழியரின் சொல்லுக்கு மதிப்பிராது.

நண்பர்களே, பெரிய மருத்துவமனைகள் நமக்குத் தேவை. அவற்றின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆயினும், ஐம்பது வயதில் சென்னைக்குக் கப்பலேற வேண்டிய ஒருவரை அவ்வாறு ஏற வேண்டாதபடி செய்யும் ஆற்றல், அவருடைய நாற்பதாவது வயதில் வாரந்தோறும் அவரைச் சந்திக்கும் உங்களிடமே இருக்கிறது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பியதும், உங்கள் நிலையத்தில் 20 பேரைக் கொண்ட முதல் குழுவைத் தொடங்குங்கள். அவர்களில் எத்தனை பேர் ஆறாம் மாதத்திலும் வருகிறார்கள் என்பதை எழுதி வையுங்கள். அந்த எண்ணைக் கொண்டே அடுத்த ஆண்டின் திட்டத்தை நாம் வகுக்கலாம்.